வாவு நாளுக்கு முன்: சிறு வகுப்பின் பயிற்சி முறைகள்

விடுமுறைக்கு முந்திய இரண்டு மூன்று நாள்கள் ஆசிரியர்க்கு இடர் தருவன. பாடப்பகுதி முடிந்திருக்கும், தேர்வும் நடந்திருக்கும், மாணவர் மனம் ஊர்ப் பயணத்திலும் விழாவிலும் சென்று படிந்திருக்கும். வகுப்பில் நாற்பதின்மர் இருப்பின் வந்தவரைக் கொண்டு எதையேனும் நடத்திவிடலாம். ஐவரோ அறுவரோ உள்ள வகுப்பாயின், அவருள்ளும் ஒருவர் இருவர் வாராதொழிந்தால், நூலை மூடிவைத்து மணி அடிக்கும் வரை காத்திருப்பதே வழக்கமாகிவிடுகிறது. இந்நாள்களைப் பயனில் நாள்கள் எனத் தள்ளுவது பொருந்துமா? தமிழர் பழங்கல்வி முறையில் இத்தகைய நாளுக்கும் இத்தகைய சிறு குழுவுக்கும் உரிய பயிற்சிகள் எவை? அவற்றுள் இன்று கொள்ளத்தக்கன யாவை? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்கு இடமாக அரியலூர் மாவட்டத்து விக்கிரமங்கலத்தையும் அதனைச் சூழ்ந்த நிலப்பகுதியையும் கொள்வோம். அதற்குக் காரணம் இரண்டு. நாட்டுப்புறத் தொடக்கப்பள்ளிகளில் மாணவர் தொகை குறைந்து, ஓராசிரியர் பல வகுப்புகளை ஒருங்கே நடத்தும் நிலை இன்று பரவலாக உள்ளது. ஆகவே சிறு வகுப்பு என்பது இங்குக் கற்பனைப் பொருள் அன்று. மற்றொன்று, டாக்டர் உ. வே. சாமிநாதையர் (1855–1942) இளமையில் தமிழ் கற்ற களம் பெரும்பாலும் இப்பகுதியே. அரியலூரில் சடகோபையங்காரிடமும், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடமும், கார்குடியில் கஸ்தூரி ஐயங்காரிடமும், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடமும் அவர் பாடங் கேட்டார். 1871-ஆம் ஆண்டில் மாயூரம் சென்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அடையும் முன்னர் அவர் பெற்ற தமிழறிவின் பெரும்பகுதி இத்தகைய மிகச் சிறிய வகுப்புகளில் பெற்றதே. ஆசிரியர் ஒருவர், மாணவர் ஒருவர் என்பதே அவற்றின் பொதுவான அளவு. இதனினும் சிறிய வகுப்பு இருத்தல் இயலாது அன்றோ?

1. பழைய வகுப்பின் அளவு

திண்ணைப் பள்ளிகளின் அளவை அறிதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. சென்னை மாகாண ஆளுநராயிருந்த தாமஸ் மன்றோ 1822-இல் மாவட்டந்தோறும் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் செய்தார். 1826 மார்ச்சுத் திங்களில் அவர் எழுதிய குறிப்பின்படி, மாகாணத்தில் பள்ளிகளும் உயர்கல்விக் கூடங்களுமாக 12,498 இருந்தன. அவற்றிற் பயின்றோர் 1,88,650 பேர். வகுத்துப் பார்ப்பின் பள்ளி ஒன்றுக்கு ஏறத்தாழ 15 மாணவர் ஆகின்றனர். அப்பதினைவரும் ஒரே நிலையினர் அல்லர். மணலில் எழுதுவோன் ஒருவன், ஓலையில் எழுதுவோன் ஒருவன், எண்சுவடி முடித்து நிகண்டு தொடங்கியவன் ஒருவன் எனப் பல படிநிலையினர். ஆகவே ஒரு படியில் இருவரோ மூவரோ நின்றனர் எனக் கொள்ளுதல் பொருந்தும். சிறு வகுப்பு என்பது பழைய முறைக்கு நேர்ந்த குறை அன்று. அம்முறை அமைந்த அடித்தளமே அது.

அம்முறையைப் போற்றுவார் அதன் குறையையும் ஒளிக்கலாகாது. மேற்குறித்த 1,88,650 பேருள் ஆண்கள் 1,84,110. பெண்கள் 4,540 பேரே. ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குத் திண்ணையில் இடமிருக்கவில்லை. பிரம்படியும் கடுந்தண்டனையும் அன்றைய ஒழுங்கின் பகுதியாக இருந்தன. நாம் எடுத்துக்கொள்ளப் புகுவது அப்பள்ளியின் சமுதாய அமைப்பை அன்று. அதன் பயிற்சி நுட்பத்தை மட்டுமே. இவ்விரண்டையும் பிரித்துக் காணாமையால், சிலர் முழுவதையும் புகழ்ந்தும் சிலர் முழுவதையும் இகழ்ந்தும் போயினர்.

2. வாவு என்னும் விடுமுறை

திண்ணைப் பள்ளியில் ஞாயிறு விடுமுறை இல்லை. நிலவின் வளர்வு தேய்வை ஒட்டியே விடுமுறை அமைந்தது. அதனை 'வாவு' என்றனர். முழுநிலவையும் மறைநிலவையும் குறிக்கும் 'உவா' என்னும் பழஞ்சொல் எழுத்து நிலைமாறி வாவு என நின்றது. சொல்லின் பொருள் விரிந்து, உவா நாளைக் குறித்த பெயர் பள்ளி நடவாத நாளுக்கே பெயராயிற்று. விடுமுறை நெடிதாக இன்றிச் சிறுசிறு இடைவெளிகளாக வந்தமையின், கற்றதை மறவாது காப்பதற்கான பயிற்சி, விடுமுறைக்குச் செல்லும் மாணவனுக்கு இயல்பாகவே தேவைப்பட்டது.

நவராத்திரிக் காலம் இதற்கு வேறானது. அப்போது மாணவர் கோலாட்டம் அடித்துப் பாடிக்கொண்டு ஆசிரியருடன் வீடுதோறும் சென்றனர். வீட்டார் தந்த பொருள் ஆசிரியர்க்கு உரியதாயிற்று. விழா வந்ததென்று பயிற்சி நிற்கவில்லை. பயிற்சியே விழாவின் ஓர் உறுப்பாயிற்று. மனப்பாடம், ஒத்திசைவு, பலர்முன் கூசாது குரல் எடுத்தல் ஆகிய மூன்றும் ஒரே செயலில் பழகப்பட்டன. ஊரார் தம் பிள்ளைகள் கற்றதைத் தம் வாயிலிலேயே கேட்டறிந்தனர். இக்காலப் பள்ளி ஆண்டுவிழாவுக்கு முன்னோடி இதுவே எனலாம்.

3. மாலையில் ஒரு பெயர்

'என் சரித்திரம்' என்னும் தன்வரலாறு 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்தது, 1950-இல் நூலாயிற்று. அதில் ஐயரவர்கள் தம் தொடக்கக் கல்வியை விளக்குமிடத்து ஒரு சிறு பழக்கத்தைக் குறிக்கின்றார். மாலையில் பள்ளி கலையும்போது ஆசிரியர் மாணவர் ஒவ்வொருவருக்கும் பூ, பறவை, விலங்கு முதலியவற்றின் பெயர்களைச் சொல்லியனுப்புவார். மறுநாட் காலையில் மாணவர் அவற்றை மறவாது வந்து சொல்லவேண்டும். நோக்குவார்க்கு இது சிறுபிள்ளை விளையாட்டாகத் தோன்றும். ஆயினும் இதன் அமைப்பை நுணுகி நோக்குக.

முதலாவது, பெயர் எழுதித் தரப்படுவதில்லை. செவியால் மட்டுமே ஏற்கப்படுகிறது. இரண்டாவது, ஏற்றலுக்கும் திரும்பச் சொல்லுதலுக்கும் இடையே ஓர் இரவு கழிகிறது. மூன்றாவது, ஒவ்வொருவனுக்கும் தனித்தனிப் பெயர். ஆதலின் ஒருவன் சொல்லக் கேட்டு மற்றவன் ஒப்பித்தல் இயலாது. நான்காவது, பிறர்க்குரிய பெயர்களையும் அவன் காலையிற் கேட்கிறான். ஒன்றைச் சுமந்து வந்தவன் பலவற்றைப் பெற்றுக்கொள்கிறான்.

ஜெர்மானிய உளநூலார் எபிங்ஹவுஸ் 1885-இல் வெளியிட்ட ஆய்வில், கற்றவுடன் மறதி விரைந்தும் பின்னர் மெல்லவும் நிகழும் என்பதைத் தம்மையே ஆய்பொருளாகக் கொண்டு காட்டினார். ரோடிகர், கார்ப்பிக் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் 2006-இல், ஒரு பகுதியை மீண்டும் மீண்டும் படிப்பதினும் நினைவிலிருந்து எடுத்துச் சொல்ல முயல்வது நாள் கடந்த நினைவுக்கு மிகுதியும் உதவும் என நிறுவினர். திண்ணை ஆசிரியர் இவ்வாய்வுகளை அறியார். எனினும் அவர் கையாண்ட முறை இவற்றோடு இயைந்து நிற்கிறது. மனப்பாடம் என்பதைப் பொருளறியா உருவேற்றல் என இகழ்ந்தார் பலர். திண்ணைப் பள்ளியின் கணக்குக் கல்வியை ஆராய்ந்த து. செந்தில் பாபு, நினைவாற்றல் அங்கு ஒரு கற்றல் வழியாகவே இயங்கியது என விளக்கியிருப்பது ஈண்டுக் கருதத்தக்கது.

4. நன்னூல் வகுத்த பங்கீடு

சிறு வகுப்பில் எவ்வகைப் பயிற்சி மிகுந்த பயன் தரும் என்பதற்கு, 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீயகங்கன் வேண்டப் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலே வழிகாட்டுகிறது. அதன் பொதுப்பாயிரம் பாடங்கேட்கும் முறையைக் கூறுமிடத்துக் கல்வியை நான்கு கூறாகப் பகுக்கிறது. ஆசிரியர் உரைத்ததை நன்கு உளங்கொண்டவன் கால்பங்கே பெறுவான். உடன் பயில்வாரோடு பழகி ஆராய்தலால் மற்றொரு கால் வரும். எஞ்சிய அரைப்பங்கு, கற்றதைத் தான் பிறர்க்கு எடுத்துரைப்பதால் கிடைக்கும்.

இப்பங்கீட்டை வகுப்பின் அளவோடு சேர்த்து எண்ணுக. நாற்பது மணித்துளி கொண்ட ஒரு பாடவேளையில் நாற்பது மாணவரும் எடுத்துரைக்கப் புகின் ஒருவர்க்கு ஒரு மணித்துளியே கிட்டும். அறுவர் வகுப்பில் ஒவ்வொருவர்க்கும் ஆறு மணித்துளிக்கு மேல் உண்டு. பெருவகுப்பில் பெரும்பாலார் முதற் காற்பங்கோடு நின்றுவிடுகின்றனர். சிறு வகுப்பில் எஞ்சிய முக்காலும் எல்லார்க்கும் எட்டுவது. மாணவர் சிலரே என வருந்தும் ஆசிரியர், பவணந்தியார் கணக்கில் பெரும்பங்கு தம் கையகத்தே இருப்பதை உணர்தல் வேண்டும்.

இங்கு வரலாற்று முரண் ஒன்று உண்டு. 1789-இல் சென்னை எழும்பூரில் படைவீரரின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான காப்பகத்துக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்பார், உள்நாட்டுப் பள்ளிச் சிறுவர் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டு, அதனைத் தம் பள்ளியில் மேற்கொண்டார். மூத்த மாணவன் இளையோர்க்குக் கற்பிக்கும் முறையையும் வளர்த்து, 1797-இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். நம் சட்டாம்பிள்ளைக்கு உறவான அம்முறையை இங்கிலாந்தார் சென்னை முறை என்றே வழங்கினர். ஆனால் அங்கு அது, ஓராசிரியரைக் கொண்டு பல நூறு பிள்ளைகளைக் குறைந்த செலவில் நடத்தும் கருவியாயிற்று. திண்ணையில் இருவர் மூவரிடையே உரையாடலாக இருந்தது, பெருங்கூடத்தில் அணிவகுப்பாக மாறிற்று. அதன் பழைய இயல்பை மீட்டற்குச் சிறு வகுப்பே ஏற்ற இடம்.

5. அறுவர் வகுப்புக்கு மூன்று நாள்

மேற்கூறிய கொள்கைகளைக் கொண்டு, விக்கிரமங்கலம் போன்றதோர் ஊரில் அறுவர் பயிலும் நான்காம் அல்லது ஐந்தாம் வகுப்பை எண்ணி, விடுமுறைக்கு முந்திய மூன்று நாளுக்கு ஒரு திட்டம் வகுத்துக் காட்டுதும். இதற்குச் சுவடியோ கருவியோ வேண்டா. கோலாட்டக் கழிகள் இருப்பின் போதும்.

முதல் நாள் பிசி. இன்று விடுகதை என வழங்குவதைத் தொல்காப்பியர் பிசி எனக் குறியிட்டுச் செய்யுளியலில் இலக்கணம் கூறினார். ஒப்புமை பற்றி வருவது ஒன்று, தோன்றுவதைச் சொல்லி அதனால் துணியவைப்பது மற்றொன்று என இருவகையாக அவர் பகுத்தார். மாணவர் தம் வீட்டில் பாட்டியரிடமும் அத்தையரிடமும் கேட்ட விடுகதை இரண்டிரண்டு கொண்டுவருதல் வேண்டும். ஒருவர் சொல்ல ஐவர் விடைகாண்பர். விடை கண்டபின், அது ஒப்புமையால் அமைந்ததா, துணிவால் அமைந்ததா என வினவுதல் ஆசிரியர் கடமை. இலக்கணப் பெயர் பிள்ளைகட்கு வேண்டுவதில்லை. எதனால் கண்டுபிடித்தாய் என்னும் வினாவே போதும். அதன்பின் ஒவ்வொருவரும் தம் வகுப்பறையில் உள்ள ஒரு பொருளைப் பற்றிப் புதிய விடுகதை ஒன்று புனைவர். பழையதை அவிழ்த்தவனுக்கே புதியது கட்டும் திறம் பிறக்கும். முதுகலை மாணவர் ஐவரிடம் இப்பயிற்சியை இக்கட்டுரையாளர் நடத்தியபோது, தொல்காப்பிய நூற்பாவை உரையோடு ஒப்பித்தவர்களும் ஒப்பில்லாத பிசி ஒன்றை அமைக்க நெடுநேரம் இடர்ப்பட்டனர். நூற்பாவின் பொருள் அன்றுதான் அவர்க்கு விளங்கியது, எனக்கும் அவ்வாறே.

இரண்டாம் நாள் ஊர்ப்பெயர். மாணவர் தம் ஊர்ப்பெயரையே ஆய்பொருளாகக் கொள்வர். விக்கிரமங்கலம் என்பதில் மங்கலம் என்னும் ஈறு தெளிவாக உள்ளது. சோழர் காலத்தே பார்ப்பனர்க்கு அளித்த ஊர்கள் பல சதுர்வேதிமங்கலம் எனப் பெயர் பெற்றமை கல்வெட்டுகளால் அறியப்படும். விக்கிரம என்பதை அடுத்து மங்கலம் வருங்கால் இரு மகரம் தொடர்தலின் ஒன்று தொக்கது எனக் கொள்ள இடமுண்டு. பிள்ளைகளே இதனை விரைந்து பலமுறை சொல்லிப் பார்த்து, நா எவ்வெழுத்தை விடுகிறது எனக் காணட்டும். பின்னர்க் கங்கைகொண்டசோழபுரம், கீழப்பழுவூர், திருமழபாடி, காமரசவல்லி எனத் தம் மாவட்டத்து ஊர்களைக் கூறி, ஈற்றினால் வகைப்படுத்துவர். புரம் எவ்வெவ்வூர்க்கு, ஊர் எவ்வெவ்வூர்க்கு என ஆராய்வர்.

இதனை அடுத்து, அண்மையிலுள்ள சிரீபுரந்தான் கோயிலின் களவுபோன நடராசர் திருமேனி ஆத்திரேலிய நாட்டினின்றும் 2014-இல் மீண்டு வந்த செய்தியை ஆசிரியர் கதையாகக் கூறலாம். அரியலூர்ப் பகுதி பல கோடி ஆண்டுகட்கு முன் கடலாக இருந்ததையும், கடல்வாழ் உயிர்களின் கல்லுருக்கள் இங்குக் கிடைப்பதையும் எடுத்துக்காட்டலாம். விடுமுறையில் பிள்ளைகள் செல்லும் இடம் எதுவாயினும், தம் ஊரைப் பற்றிச் சொல்ல அவர்க்கு ஒரு செய்தி இருக்கும்.

மூன்றாம் நாள் எடுத்துரைத்தலும் கோலாட்டமும். அந்த அரையாண்டில் கற்ற பாடங்களுள் ஆளுக்கொன்றாக ஆறு பொருளைப் பகிர்ந்துகொள்வர். அறுவரை இருவர் இருவராக இணைப்பின் 15 இணைகள் ஆகும். ஒரு சுற்றில் மூன்று இணைகள் அமையுமாதலின் ஐந்து சுற்றில் ஒவ்வொருவரும் மற்ற ஐவர்க்கும் கற்பித்து முடிப்பர். ஐவரிடமும் கற்றும் முடிப்பர். ஒரே பொருளை ஐந்துமுறை கூறுவோன் முதற்சுற்றில் தடுமாறினும் ஐந்தாம் சுற்றில் தெளிவுறுவான். மாணவர் ஒருவர் வாராவிடின் எண்ணிக்கை ஒற்றைப்படும். அப்போது இணை இல்லாதவர் சட்டாம்பிள்ளையாக நின்று மற்றோர் கூற்றில் பிழை கேட்பர். இப்பொறுப்பு சுற்றுக்கு ஒருவரென மாறிவருதல் வேண்டும். ஒருவனையே அதில் நிறுத்துவது பழைய திண்ணையின் குறைகளுள் ஒன்று.

கோலாட்டத்துக்கு முன் அந்தாதி ஆட்டம் ஒன்று நிகழலாம். ஒருவர் சொன்ன சொல்லின் ஈற்றெழுத்தில் அடுத்தவர் சொல்லைத் தொடங்குவர். காரைக்காலம்மையாரின் அற்புதத் திருவந்தாதி முதலாகத் தமிழில் தழைத்த அந்தாதித் தொடை நினைவுக்கும் துணையாவது என்பதைப் பிள்ளைகள் ஆட்டத்தாலேயே உணர்வர். அறுவர் வட்டத்தில் முறை விரைந்து வருமாதலின் எவரும் அயர்ந்திருக்க இயலாது. இறுதியில் அந்த ஆண்டு கற்ற பாடல் ஒன்றைப் பாடிக் கோலடிப்பர்.

6. விடுமுறைக்கு ஒரு பெயர்

பள்ளி கலையும்போது ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூ, ஒரு பறவை, ஓர் ஊர் என மூன்று பெயர்களை வாயினாற் சொல்லியனுப்புக. ஓரிரவுக்கு ஒரு பெயர் என்பது பழைய முறை. பத்து நாளுக்கு மூன்று பெயர் மிகையன்று. ஒருவன் பெற்றதை மற்றவன் அறியாமை நன்று. பள்ளி திறக்கும் நாளில் அவன் அம்மூன்றையும் சொல்வதோடு, விடுமுறையில் அவற்றைப் பற்றி அறிந்த ஒரு செய்தியையும் சொல்லவேண்டும். மறந்துவிடின் தண்டனை இல்லை. உடன் பயில்வோர் வினாக்கள் கேட்டு அப்பெயரை அவனுக்கு நினைவூட்டுவர். இங்ஙனம் விடுமுறைக்கு முன் தொடங்கியது, பின் தொடர்ந்து முடிவதால், திறப்பு நாளும் வீணாவதில்லை.

7. முடிவுரை

2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007 முதல் தமிழகமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல், பிள்ளை தன் படியில் தானே முன்னேறுதல் என்னும் கொள்கையை மீட்டுத் தந்தது. திண்ணையில் ஒவ்வொருவனும் தனக்குரிய சுவடியோடு அமர்ந்ததும் அக்கொள்கையே. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப்பள்ளியில் முப்பதின்மர்க்கு ஓராசிரியர் என அளவு வகுத்தது. அறுபதின்மர் வரையுள்ள பள்ளிக்கு ஆசிரியர் இருவர், வகுப்போ ஐந்து. ஆதலின் பல படியினரை ஒருங்கே நடத்தும் திறம் இன்றைய ஆசிரியர்க்கும் தவிர்க்கவியலாதது.

மாணவர் தொகை குறைவென்பதையே குற்றமாகக் காட்டிச் சிற்றூர்ப் பள்ளிகளின் தேவையை ஐயுறும் பேச்சு அவ்வப்போது எழுகிறது. தொகை பற்றிய முடிவு ஆட்சியாளர்க்கு உரியது. ஆயினும் அறுவர் உள்ள இடத்தில் கல்வி குறைவாகவே நிகழும் என்னும் கருத்து, நம் இலக்கண நூலாலும் வரலாற்றாலும் மறுக்கப்படுவது. அம்மறுப்பை ஏட்டில் எழுதுவதினும், விடுமுறைக்கு முந்திய நாளிலும் அவ்வறுவரை அமர்த்திப் பயிற்றுவதே வலிய சான்றாகும். பதிப்பு வேலையால் சங்க நூல்களை உலகுக்கு அளித்தவர் ஒருவர், இவ்வட்டாரத்தில் தனி மாணவராக அமர்ந்து தொடங்கியவர் என்பதை ஆசிரியப் பயிற்சி பெறுவோர்க்கு நாம் எடுத்துரைத்தல் தகும்.

திண்ணைப் பயிற்சிகள் பல இன்னும் முதியோர் நினைவில் மட்டும் வாழ்கின்றன. பெயர் சொல்லும் முறையும், வாவு வழக்கங்களும், நவராத்திரிப் பாடல்களும் ஊர்தோறும் எவ்வாறு வேறுபட்டன என்பதைத் தமிழ்த்துறை மாணவர் களஆய்வால் தொகுப்பின், கல்வி வரலாற்றுக்கும் சொல்லாராய்ச்சிக்கும் ஒருங்கே பயன் விளையும். அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களிலிருந்து அப்பணியைத் தொடங்குதல் பொருத்தமுடையது.